யார் சொல்வது, யாரிடம் சொல்வது? மாற்றுத்திறனாளிகள் மீதான கொடுமையைத் தெரிவிக்கும் சட்டவழியின் வரலாறு (1858–2023)

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் படுத்திருந்தார்கள். இரவில் அவர்களைச் சங்கிலியால் பிணைத்துவைப்பது அங்கே வழக்கம். பிணைப்பு தளர்வாக இருந்த சிலர் எழுந்து ஓடித் தப்பினார்கள். மற்றவர்கள் சங்கிலியோடு கருகினார்கள். எந்த உடல் யாருடையது என்று சொல்ல முடியவில்லை.

நாளிதழ்களில் வந்த செய்தியைப் பதிவாளர் முன்வைக்க, உச்ச நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் காப்பகத் தீயில் மாண்ட ‘சங்கிலியிடப்பட்ட 25 பேர்’ என்று அந்த வழக்குக்குப் பெயர் வந்தது. கணக்கு முடிந்தபோது இறந்தவர்கள் 28 பேர். சட்ட நூல்களில் இன்றும் 25தான்.

அந்த வழக்கின் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். மனநோய் உள்ள ஒருவரை அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரே கொடுமைப்படுத்தினால், அதை அதிகாரியிடம் போய்ச் சொல்லலாம் என்று இந்தியாவில் 1858 முதல் சட்டம் இருக்கிறது. தீ எரிந்த அன்றும் அந்த ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. 143 ஆண்டுகளாகத் திறந்து கிடந்த அந்தக் கதவைத் தாண்டி ஏர்வாடியின் செய்தி ஏன் உள்ளே வரவில்லை? செய்தியைக் கொண்டுவந்தது நாளிதழ். அதுவும் சாவுக்குப் பிறகு.

இந்தக் கட்டுரை அந்தக் கதவின் வரலாற்றைத் தேடுகிறது. யார் சொல்லலாம், யாரிடம் சொல்லலாம், சொன்னால் என்ன நடக்கும் என்பவற்றைச் சட்டங்கள் மாற்றி மாற்றி எழுதிவந்திருக்கின்றன. கொடுமைக்கு ஆளானவரே சொல்லலாம், அவர் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் சட்டத்துக்குள் மிகத் தாமதமாகவே வந்தது என்பதே என் வாதம்.

1858: நடுவரின் காதுக்கு

கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஆட்சி பிரிட்டிஷ் அரசியின் கைக்கு மாறிய அதே ஆண்டில், மனநோய் பற்றி மூன்று சட்டங்கள் வந்தன. அவற்றில் 36ஆம் சட்டம் காப்பகங்களைப் பற்றியது. சென்னைக்கு அப்போதே காப்பக அனுபவம் உண்டு. வாலன்டைன் கானொலி என்ற மருத்துவர் 1794இல் புரசைவாக்கத்தில் தனியார் காப்பகம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். கீழ்ப்பாக்கத்தில் இன்றும் நிற்கும் மருத்துவமனை 1871இல் திறக்கப்பட்டது.

அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவுதான் நமக்கு முக்கியம். மனநோயாளர் எனக் கருதப்படும் ஒருவர் சரியான கவனிப்பின்றி இருக்கிறார், அல்லது அவரைப் பொறுப்பில் வைத்திருக்கும் உறவினரோ மற்றவரோ அவரைக் கொடுமைப்படுத்துகிறார், கைவிட்டிருக்கிறார் என்று நடுவருக்குத் தெரியவந்தால், அவரை வரவழைத்துப் பார்க்கலாம். உறவினருக்கும் அழைப்பாணை அனுப்பலாம். தெரியவரும் வழிகள் இரண்டு: காவல் அதிகாரியின் அறிக்கை, ‘வேறு எவருடைய தகவலும்’. இரண்டாவது வழியைக் கவனியுங்கள். அக்கம்பக்கத்தார், கோயில் பூசாரி, வழிப்போக்கர் என்று யார் வேண்டுமானாலும் வந்து சொல்லலாம். கொடுமை வீட்டுக்குள்ளிருந்தே, உறவினர் கையாலேயே வரக்கூடும் என்றும் சட்டம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. குடும்பத்தைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாகக் கருதிய ஒரு காலத்துக்கு இது சிறிய விஷயம் இல்லை.

ஆனால் தகவல் கிடைத்தபின் நடப்பது என்ன? உறவினர் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் காப்பகம். அந்தக் காப்பகத்தை மேற்பார்க்கும் பார்வையாளர்களில் ஒருவராகச் சிறை ஆய்வாளர் தம் பதவியின் பேரிலேயே இடம்பெற்றார். ஒரு பூட்டிலிருந்து எடுத்து இன்னொரு பூட்டுக்குள் வைப்பதையே அந்தக் காலம் மீட்பு என்று புரிந்துகொண்டது. அந்த ஆளுக்கு எது விருப்பம் என்ற கேள்வி அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. தகவல் அவரைப் பற்றியது. அவரிடமிருந்து வருவது அல்ல.

1912ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டம் இதையே 15ஆம் பிரிவில், ஏறத்தாழ அதே சொற்களில் எடுத்துக்கொண்டது. விடுதலைக்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் தாண்டியும் அந்தச் சட்டமே ஓடியது. ‘லூனடிக்’ என்ற சொல்லும் அதோடு ஓடியது. இந்தச் சொல்லை நான் பாதுகாக்கப் போவதில்லை. ஆனால் வரலாற்று ஆய்வாளர் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் மனநோய் உள்ளவர்களோடு பிறவியிலேயே அறிவுவளர்ச்சி குறைந்தவர்களும் அடங்கினார்கள். இழிவான ஒரு பெயருக்குக் கீழேதான், ஆனாலும் இருவருக்கும் ஒரே கதவு திறந்திருந்தது.

1987: பெயர் மாறியது, ஒரு கூட்டம் வெளியே நின்றது

1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993 ஏப்ரல் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. தகவல் தெரிவிப்பது அதில் 25ஆம் பிரிவு. அந்தப் பிரிவில் இரண்டு வினைகள் இருக்கின்றன. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்குக் கொடுமையோ புறக்கணிப்போ நடப்பதாக நம்பக் காரணம் இருந்தால், நடுவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். தனியாள் ஒருவருக்கு அப்படி நம்பக் காரணம் இருந்தால், தெரிவிக்கலாம். காவலருக்கு ‘வேண்டும்’, மற்றவருக்கு ‘லாம்’. சட்டத் தமிழில் இந்த இரண்டு வடிவங்களுக்கும் இடையே கடமைக்கும் விருப்பத்துக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

இந்தச் சட்டத்தைப் பாராட்டி எழுதியவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று அதன் விளக்கப் பகுதியில் கிடக்கிறது. மனநோயாளர் என்பவர் யார் என்று சொல்லும்போது, அறிவுவளர்ச்சிக் குறைபாட்டை அது தெளிவாக விலக்கிவிட்டது. மருத்துவ நோக்கில் அது சரியே. அறிவுசார் குறைபாடு நோய் இல்லை. அதற்கு மனநல மருத்துவமனையும் தேவையில்லை. ஆனால் அந்தத் திருத்தத்தோடு, கொடுமையை நடுவரிடம் சொல்லும் வழியும் அவர்களுக்கு அடைபட்டது. அடி, காயம் பற்றிய பொதுக் குற்றச் சட்டம் இருந்தது என்பது உண்மைதான். பட்டினி போடுவதையும், அறையில் பூட்டி வைப்பதையும், குளிப்பாட்டாமல் விடுவதையும் தடுக்கச் சொல்லி நடுவரிடம் போவதற்கென்று அவர்களுக்குத் தனியான பிரிவு இல்லாமல் போயிற்று. உடல் ஊனமுற்றவர்களுக்கு அப்படியொரு பிரிவு அதற்கு முன்பும் இருந்ததில்லை.

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் இந்த இடைவெளியை நிரப்பியிருக்கலாம். கல்வி, வேலை, இட ஒதுக்கீடு, தடையற்ற கட்டடங்கள் என்று பேசிய அந்தச் சட்டத்தில் வன்முறையைப் பற்றித் தனிப் பிரிவு ஒன்றுகூட இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஓரளவு தொட்டது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்குக் காப்பாளர் நியமிக்கும் சட்டம் அது. காப்பாளர் கொடுமைப்படுத்தினாலோ கைவிட்டாலோ அவரை நீக்கக் கோரலாம் என்று 17ஆம் பிரிவு சொன்னது. கோரக்கூடியவர்கள் யார்? பெற்றோர், உறவினர், பதிவுபெற்ற அமைப்பு. 1858இல் இருந்த ‘வேறு எவரும்’ இங்கே இல்லை. கொடுமைக்கு ஆளானவரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கண்ணால் கண்டாலும் அவளுக்கு இந்தப் பிரிவு இடம் தரவில்லை. அதுவும் நியமிக்கப்பட்ட காப்பாளர் மீது மட்டும்தான் சொல்ல முடியும்.

ஏர்வாடியில் மறைந்து நடந்தது எதுவும் இல்லை

மறுபடி ஏர்வாடிக்கு வருவோம். சுல்தான் சையது இப்ராகிம் ஷகீது பாதுஷா அடக்கமான தர்காவைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. தர்காவின் தீர்த்தமும் விளக்கெண்ணெயும் மனநோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையில் பல மதத்தவரும் தொலைதூரத்திலிருந்து நோயாளிகளை அழைத்துவந்தார்கள். குணமானதும் கனவில் உத்தரவு வரும், அப்போது வீடு திரும்பலாம் என்பது நம்பிக்கை. கனவு வரச் சில மாதம் ஆகும். சிலருக்குப் பல ஆண்டுகள். அதுவரை தங்க வேண்டுமே. அந்தத் தேவையில்தான் தனியார் விடுதிகள் முளைத்தன. தர்கா வேறு, இந்த விடுதிகள் வேறு என்பதை மறந்துவிடக் கூடாது.

உறவினர் பணம் கட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள். பகலில் மரத்தில் தடித்த கயிறு, இரவில் கட்டிலில் இரும்புச் சங்கிலி. இதை ஊரே பார்த்தது. வந்துபோன யாத்திரிகர்கள் பார்த்தார்கள். காவலரும் வருவாய்த் துறையினரும் அதே தெருக்களில்தான் நடந்தார்கள்.

1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு என் விடை இங்கே இருக்கிறது. தகவல் தெரிவித்தல் என்ற கருத்தே, கொடுமை ஒளிவாக நடக்கிறது, அதை ஒருவர் கண்டுபிடித்து வெளியே கொண்டுவருகிறார் என்ற கற்பனையில் கட்டப்பட்டது. ஊரறிய நடப்பதை யார் போய் யாரிடம் சொல்வது? சங்கிலி அங்கே சிகிச்சையின் பகுதியாகத் தெரிந்தது. குடும்பமே கொண்டுவந்து விட்டிருந்ததால் புகார் சொல்லக்கூடிய மிக நெருக்கமான வாயும் மூடியிருந்தது. சொல்லலாம் என்று சட்டம் விட்டுவைத்த தனியாளுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சொல்லியே ஆக வேண்டிய காவல் நிலையமோ சொல்லவில்லை. அந்தச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மனநலக் காப்பகம் நடத்தவும் கூடாது. அதையும் யாரும் கேட்கவில்லை.

தீக்குப் பிறகு வேகம் வந்தது. ஆகஸ்ட் 13ஆம் தேதி அங்கிருந்த அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். தமிழக அரசு என். ராமதாஸ் என்பவர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. காப்பகத்தை நடத்தியவரும் குடும்பத்தாரும் 2007இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்கள். 2002 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மாநிலமும் மாவட்டவாரியாக, பதிவு பெற்றதும் பெறாததுமான எல்லா மனநல இல்லங்களையும் கணக்கெடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்த உத்தரவில் ஒரு முக்கியமான மாற்றம் தெரிகிறது. யாராவது வந்து சொல்லும்வரை காத்திருக்காமல், அரசே போய்ப் பார்க்க வேண்டும். தகவலுக்குப் பதில் கண்காணிப்பு. பின்னாளில் வந்த சட்டங்களில் இந்தக் கோடு நான் விரும்பிய அளவுக்கு நீளவில்லை.

2016, 2017: இரண்டு கதவுகள்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்றது. அதன் 16ஆம் உறுப்பு சுரண்டல், வன்முறை, கொடுமை ஆகியவற்றிலிருந்து விடுதலை பற்றியது. வீட்டுக்குள்ளும் வெளியிலும் என்று அழுத்திச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான எல்லா நிறுவனங்களையும் சுதந்திரமான அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்றும் கேட்கிறது.

இந்த வாக்குறுதி சட்டமாக மாற ஒன்பது ஆண்டுகள் ஆயின. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அடுத்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் ஏழாம் பிரிவுதான் இன்று இந்தப் பொருளின் மையம். எந்த வகை மாற்றுத்திறனாளியாக இருந்தாலும் சரி, அவர் மீது கொடுமை, வன்முறை, சுரண்டல் நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள எவரும், எந்தப் பதிவுபெற்ற அமைப்பும் நிர்வாகத்துறை நடுவரிடம் தகவல் தரலாம். ‘நடக்கக்கூடும்’ என்பது புதிது. காயத்தைக் காட்டக் காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் கிடைத்ததும் நடுவர் உடனே தடுக்க வேண்டும், மீட்க உத்தரவிடலாம், பராமரிப்புச் செலவுக்கு வழி செய்யலாம். பாதுகாப்பில் வைப்பது மட்டும், சம்பந்தப்பட்டவர் விரும்பினால்தான். 1858இலிருந்து படித்துக்கொண்டு வருகிற எனக்கு, இந்தச் சிறிய நிபந்தனையில்தான் ஒரு நூற்றாண்டு திரும்பியது போல இருந்தது. முதல் முறையாக, கொடுமையிலிருந்து காப்பாற்றப்படுபவரின் விருப்பத்தைக் கேட்கிறது சட்டம்.

அதே பிரிவு காவலரையும் பேச வைக்கிறது. புகாரைப் பெறும் காவல் அதிகாரி, பாதிக்கப்பட்டவரிடம் நான்கு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்: எந்த நடுவரிடம் போகலாம், பக்கத்தில் உதவும் அமைப்பு எது, இலவசச் சட்ட உதவி உண்டு, இந்தச் சட்டத்திலும் பிற சட்டங்களிலும் புகார் தரலாம். இதுவரை தகவல் மேல்நோக்கி மட்டுமே போய்க்கொண்டிருந்தது. இங்கே அது திரும்பி, பாதிக்கப்பட்டவரை நோக்கி வருகிறது. 92ஆம் பிரிவு தண்டனை சொல்கிறது, ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை. தம் பொறுப்பில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்குத் தெரிந்தே உணவும் நீரும் தராமல் இருப்பது அந்தப் பட்டியலில் தனிக் குற்றம். புறக்கணிப்புக்கு இவ்வளவு துல்லியமான உருவம் முன்பு கிடைத்ததில்லை.

நிர்வாகத்துறை நடுவர் என்றால் நம் ஊரில் யார்? வட்டாட்சியர், கோட்டாட்சியர். பட்டா மாறுதலுக்கும் சாதிச் சான்றுக்கும் நாம் வரிசையில் நிற்கும் அதே அலுவலகம். அந்த மேசைக்கு இப்படி ஓர் அதிகாரம் இருப்பது வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தாலுகா அலுவலகச் சுவரில் எந்தச் சான்றுக்கு என்ன இணைப்பு வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தச் சுவரில் ஏழாம் பிரிவையும் எழுதிவைக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மனநோய் உள்ளவரை எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 95ஆம் பிரிவு நேரடியாகத் தடுத்தது. ஏர்வாடியின் சாம்பல் அந்த வரியில் இருக்கிறது. கட்டாயமாகத் தலையை மழிக்கக் கூடாது, சீருடை மாட்டக் கூடாது என்பதுவரை 20ஆம் பிரிவு இறங்கி எழுதியது. கவனிப்பில் குறை இருந்தால் நோயாளியே புகார் செய்யும் உரிமையை 28ஆம் பிரிவு தந்தது. பழைய 25ஆம் பிரிவு 101ஆகப் புது இடம் பெற்றது. தனியார் வீட்டில் வாழ்பவர் என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. அங்கே அந்தப் பழைய வினை மாறிவிட்டது. கொடுமையோ புறக்கணிப்போ நடப்பதாக நம்பக் காரணம் உள்ள எவரும் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். ‘லாம்’ போய் ‘வேண்டும்’ வந்தது. அண்டை வீட்டாருக்கும் கடமை வந்தது.

இப்போது இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனநோய் உள்ளவர் இரண்டுக்குள்ளும் வருகிறார். அவர் அடிபடுவதைப் பார்த்த அதே அண்டை வீட்டார், ஒரு சட்டப்படி வட்டாட்சியரிடம் சொல்லலாம். இன்னொரு சட்டப்படி காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். காவல் நிலையம் தெரிவிப்பதோ நீதித்துறை நடுவரிடம். இரண்டு அலுவலகங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள எந்த ஏற்பாடும் இந்தப் பிரிவுகளில் இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. 2017ஆம் ஆண்டுச் சட்டமும் அறிவுவளர்ச்சிக் குறைபாட்டை மனநோய் விளக்கத்திலிருந்து விலக்கியிருக்கிறது. ஆகவே ‘வேண்டும்’ என்ற கடமை மனநோய் உள்ளவருக்கு மட்டும். அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பெரியவர் அடிபட்டால் அண்டை வீட்டாருக்கு இருப்பது ‘லாம்’ மட்டுமே. (குழந்தை என்றால், பாலியல் வன்முறைக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் எல்லோர் மீதும் கடமை சுமத்துகிறது, பதினெட்டு வயது முடிந்த மறுநாள் அந்தக் கடமை மறைந்துவிடுகிறது.) தன் வலியைத் தானே எடுத்துச் சொல்ல மிகவும் சிரமப்படுபவருக்குச் சட்டம் வலுக்குறைந்த வினையைத் தந்திருக்கிறது. 1993இல் தொடங்கிய அந்தப் பிரிவினை இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.

சொந்த வாய்

இதுவரை பேசியது பிறர் சொல்வதைப் பற்றி. அவர்களே சொல்ல வந்தால்?

ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். காது கேளாத, வாய் பேசாத ஒரு பெண் காவல் நிலையத்துக்கு வருகிறாள். கூட அண்ணன் வந்திருக்கிறார். எழுத்தர் அண்ணனைப் பார்த்துத்தான் கேட்கிறார், என்னம்மா ஆச்சு என்று அவளைப் பார்த்து அல்ல. அண்ணன் சொல்வதே முதல் தகவல் அறிக்கை ஆகிறது. அடித்தவர் அண்ணனாகவே இருந்தால் அந்தத் தாளில் என்ன இருக்கும்?

சாட்சிச் சட்டம் இந்த இடத்தில் ஆச்சரியம் தருகிறது. 1872ஆம் ஆண்டிலேயே 119ஆம் பிரிவு, பேச முடியாத சாட்சி எழுதியோ சைகையாலோ திறந்த நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாம் என்று இடம் தந்தது. ஆனால் அந்தச் சைகையைப் புரிந்துகொள்ள ஆள் வைப்பது பற்றி 2013 குற்றச் சட்டத் திருத்தம்வரை ஒரு சொல்லும் இல்லை. 2012இல் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்முறைக்குப் பிறகு வந்த அந்தத் திருத்தம், பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால், அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் முன்னிலையில் புகாரைப் பதிவு செய்ய வேண்டும், ஒளிப்பதிவும் செய்ய வேண்டும் என்றது. 2024 ஜூலையில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபோது 173ஆம் பிரிவில் இது தொடர்ந்தது.

பதிவு செய்தால் போதுமா, நம்ப வேண்டாமா? 2021 ஏப்ரல் 27 அன்று பட்டான் ஜமால் வலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. ஆந்திரத்தைச் சேர்ந்த, பிறவியிலேயே பார்வையற்ற பட்டியலினப் பெண் மீது நடந்த பாலியல் வன்முறை வழக்கு அது. குற்றவாளி அவள் அண்ணன்மாரோடு பழகியவன். அவனைக் குரலால் அறிந்தாள் அவள். உலகை வேறு விதமாக அறிகிறார் என்பதற்காக ஒருவரின் சாட்சியம் தாழ்ந்ததாகிவிடாது என்று நீதிமன்றம் வகுத்தது. நீதிபதிகளுக்கும் காவலருக்கும் பயிற்சி, மொழிபெயர்ப்பாளர் பட்டியல் ஆகியவற்றோடு, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பாலினக் கொடுமைகளைப் பதியும்போது மாற்றுத்திறனையும் ஒரு கூறாகச் சேர்ப்பதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருக்கும் நாட்டில், அவர்கள் மீதான கொடுமையைத் தனியே எண்ணச் சொல்லி நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது.

2023: குண்டலப்புலியூர்

விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் மனநலம் குன்றியோரும் ஆதரவற்றோரும் வைக்கப்பட்டிருந்த ஒரு தனியார் இல்லத்தில் 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் சோதனை செய்தார்கள். அடி, பாலியல் வன்முறை, காணாமல்போனவர்கள் என்று குற்றச்சாட்டுகள் வெளிவந்தன. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். வழக்கு சிபிசிஐடி விசாரணைக்குப் போனது.

ஏழாம் பிரிவு வந்து அப்போது ஆறாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. 101ஆம் பிரிவும் இருந்தது. ஆனால் கதவைத் திறந்தது இரண்டும் அல்ல. அந்த இல்லத்தில் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைப் பார்க்க உறவினர் போனார். அவரைப் பெங்களூருவில் உள்ள வேறொரு இல்லத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே அவர் இல்லை. காவல் நிலையத்துக்குப் போய், கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் பழைய மனு அது. அதன் பிறகுதான் அந்த இல்லத்தின் கதவு தட்டப்பட்டது. அந்த முதியவருக்குத் தேடி வர ஒருவர் இருந்தார். அதே கூரையின் கீழ் இருந்த மற்றவர்களில் பலருக்கு அப்படித் தேடி வர யாரும் இல்லை. வட்டாட்சியரிடம் அவர்களைப் பற்றிச் சொல்லவும் யாரும் போயிருக்கவில்லை.